இருபத்தைந்து வயதுக்குக் காத்திருந்த வண்டி

வண்டி இன்சூரன்ஸை எந்தத் தேதியில் புதுப்பித்தால் கொஞ்சம் குறைத்துக் கட்டலாம் என்று கணக்குப் போடப் போய்த்தான், எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது தெரியவந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் போய் வேலையைப் பார் என்றிருப்பேன். சொன்னது அம்மா.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்த சமயம். ரங்கூனில் அப்போது ஒரு பழைய வண்டியின் விலைக்கு நல்ல வீடே வாங்கலாம். வெளியிலிருந்து புது வண்டி வருவது அபூர்வம். ஊரில் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒட்டுப்போட்டு ஓட்டிய கிழடுகள். எங்களிடம் ஒரு சின்ன ஜப்பான் பிக்கப் இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, நகரின் நடுவே பபேடானில் எங்களுக்கிருந்த கீழ்த்தள வீட்டை விற்று, அதே தெருவில் நாலாவது மாடிக்குக் குடிபோய், மிச்சமான தொகையில் அதை வாங்கினார். அம்மாவுக்கு மூட்டுவலி. அவளை நாலு மாடி ஏறவைத்துவிட்டு வண்டி வாங்கிய மனிதர் என்று எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு உண்டு. வாங்கிய இரண்டாம் வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி அம்மா பெயருக்கு மாறியது. ஓட்டுகிற வேலை எனக்கு வந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வண்டியை நம்பித்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லைங் தாயாவில் இருந்த ஒரு தையல் ஆலைக்கு வேண்டிய நூல், பட்டன், ஜிப் எல்லாவற்றையும் பபேடான் கடைகளில் ஏற்றி, தினமும் காலையில் கொண்டுபோய் இறக்குவேன். ஆற்றுப் பாலத்தின் மேல், ஆலைப் பெண்களை அடைத்துக்கொண்டு போகும் பேருந்துகளோடு முட்டி மோதித்தான் போக வேண்டும். முந்தின வருடம் ஆலைக்குப் புதிதாக வந்த மேலாளர், எல்லா வண்டிக்கும் கட்டாயமான அந்தச் சின்ன இன்சூரன்ஸ் போதாது, முழு இன்சூரன்ஸ் எடுத்த வண்டிதான் வாசலைத் தாண்டலாம் என்று உத்தரவு போட்டார். அவசர அவசரமாக எடுத்தேன். ஓட்டுபவனுக்கு இருபத்தைந்து வயது முடியவில்லை என்று கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். சின்னப் பையன்கள் இடிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. இல்லை என்று சண்டை போட என்னிடம் நியாயம் இல்லை; என் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் தொகைக்கு இரண்டு டயர் வாங்கலாம். என் டயர்கள் வழுக்கையாகிப் போயிருந்தன.

அந்த இன்சூரன்ஸ் நவம்பர் கடைசியில் முடிந்தது. புதுப்பிக்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சயாமா (அலுவலகத்துப் பெண்களை நாங்கள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்) என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“இன்னும் பதினெட்டு நாள்ல உனக்கு இருபத்தஞ்சு முடியுது,” என்றார் பர்மியில். “இன்னிக்குக் கட்டினா வருஷம் பூரா சின்ன வயசுக் கட்டணம். அன்னிக்கு வந்து கட்டினா அது இல்லை. நடுவுல மட்டும் வண்டியை எடுத்துடாதே. ஏதாவது ஆச்சுன்னா யாரும் தர மாட்டாங்க.”

வண்டி அம்மா பெயரில் இருந்ததால், அவளையும் கூட்டி வர வேண்டும் என்று சொன்னார். போன தடவை மாதிரி தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வரக் கூடாதாம். சரி சயாமா, சரி சயாமா என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏனென்றால், உண்மையில் எனக்கு அப்போது இருபத்திரண்டு முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் தெருவில் இரண்டு வயது இல்லாதவர்கள் குறைவு. வீட்டில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. பெயரும் அப்படித்தான். கூப்பிடுவதற்கு ஒரு தமிழ்ப் பெயர், அட்டையில் ஒரு பர்மியப் பெயர். என் நட்சத்திரம் ஆவணியில் வரும். அன்று அம்மா கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து பாயசம் வைப்பாள். டிசம்பரில் இருந்த தேதி அட்டைக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதே இல்லை. வகுப்பில் காகிதப்படி நான்தான் எல்லோருக்கும் மூத்தவன், உருவத்தில் நான்தான் கடைக்குட்டி. ஓர் ஆசிரியை என்னை எழுப்பி நிறுத்தி, வயது ஏறுகிறது உடம்பு ஏறவில்லையே என்று சொல்லி வகுப்பையே சிரிக்கவைப்பார். பதினாறு முடிவதற்குள் டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று, அந்தச் சிரிப்புக்கெல்லாம் பதில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. இப்போது டயரும் வரப் போகிறது. அப்பா செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான் என்று நினைத்தேன்.

ஆலை மேலாளரிடமும் தெருவில் கேட்டவர்களிடமும், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறது, பதினெட்டு நாளாகும் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அதுவரை எங்கள் தெருவில் பிக்கப் வைத்திருந்த இன்னொருவர் சரக்கு ஏற்றுவார் என்று ஏற்பாடு. மேலாளர் சரி என்றார். சரக்கு நிற்காமல் வந்தால் அவருக்குப் போதும்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது அன்று மத்தியானம். மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் செய்வது போல, அவள் பால்கனியில் நின்று கயிற்றில் கூடையை இறக்கிக் கீழே போகிற கீரைக்காரியிடம் புளிச்சகீரை வாங்கி, மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இன்னும் பதினெட்டு நாள் கழிச்சு நீ என்கூட இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு வரணும். கையெழுத்து போடணுமாம்.”

“அதுக்கு எதுக்குப் பதினெட்டு நாளு? இன்னிக்கோட முடியுதுன்னு சொன்னியே.”

“அன்னிக்குத்தான் எனக்கு இருபத்தஞ்சு முடியுது, பேப்பர்ல. கட்டணம் குறையும். ரெண்டு டயரு வாங்கிரலாம்.” தேதியையும் சொன்னேன்.

கயிறு பாதியில் நின்றது. கூடை இரண்டாவது மாடி ஜன்னலுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து கீரைக்காரி என்னவோ கத்தினாள். அம்மாவுக்குக் காதில் விழவில்லை.

“இருபத்தஞ்சா?” என்றாள். மறுபடியும், “இருபத்தஞ்சா ஆச்சு?” என்றாள்.

நான் கயிற்றை வாங்கிக் கூடையை மேலே இழுத்தேன். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். மூட்டுவலிக்காரி அப்படிச் சட்டென்று தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அது உன் தேதி இல்ல தம்பி.”

“தெரியும்மா. பள்ளிக்கூடத்துக்காக அப்பா மாத்தி எழுதுனது.”

“உங்கப்பா ஒண்ணும் மாத்தல. எழுதுனதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு. ஆளுதான் மாறிப்போச்சு.”

எனக்கு விளங்கவில்லை. அவள் கீரையை மடியில் போட்டு ஆய்ந்துகொண்டே சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். ரங்கூன் ஆஸ்பத்திரியில், டிசம்பர் மாதத்தில். முறையாகப் பதிவு செய்து, பர்மியப் பெயர் ஒன்றும் வைத்து, வார்டு அலுவலகத்தில் வீட்டு ஆட்களை எழுதும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஒரு வயது முடிந்து ஒரு மாதத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு, ரங்கூனுக்கு வெளியே கியாக்தானில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். போன இடத்தில் காய்ச்சல். மூன்றாம் நாள் ரங்கூனுக்குக் கொண்டுவரலாம் என்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மடியிலேயே போய்விட்டான். அங்கேயே ஆற்றோரத்தில் புதைத்துவிட்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளை என்பதால் கருமாதி கிடையாது, திதி கிடையாது. எங்கள் வழக்கம் அது. அப்பாவும் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கப் போகிறேன், போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். போகவே இல்லை.

“போக முடியல அவரால. வார்டு ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருவாரு. மூணு தடவை போனாரு.”

அப்புறம் நான் பிறந்தேன், கியாக்தானில், மருத்துவச்சி கையில். எனக்கு எந்தக் காகிதமும் இல்லை. எங்களைப் போன்ற தமிழர்கள் புதிதாக ஒரு காகிதம் வாங்க வேண்டுமென்றால், தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். அப்பா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பட்டியலில் ஒரு பையன் இருக்கிறான், வீட்டிலும் ஒரு பையன் இருக்கிறான் என்றாராம். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நான் உளறிவிடக் கூடாது என்பதற்காக என்னிடம் சொல்லவில்லை. நான் வளர்ந்த பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் சொல்லாமலிருப்பதே பழகிவிட்டது.

நான் கத்தினேன். அதை மறைப்பானேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். இத்தனை வருடம் செத்தவன் பெயரில் என்னைப் பரீட்சை எழுதவைத்தீர்களா, லைசென்ஸ் எடுக்கவைத்தீர்களா, அப்படியானால் நான் யார், எனக்கென்று ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா என்று கேட்டேன். அப்பா இல்லாததால் அவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அம்மா வாங்கிக்கொண்டாள். ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கீழே இறங்கிப்போய், நிறுத்தியிருந்த வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அட்டையை எடுத்துப் பார்த்தேன். படம் என்னுடையது. மற்ற எதுவும் என்னுடையது இல்லை. எஞ்சினை ஓட்ட முடியாது, போக இடமும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாலை வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன ஒருவர், எஞ்சினைப் பிரித்திருக்கிறது என்றாயே, என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் பேச்சு என்று பெரிதாக இல்லை. சோறு போடுவாள், சாப்பிடுவேன். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் இரண்டு நாளில் போய்விட்டது, ஆனால் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்தத் தேதி எனக்கு வேண்டாம். அதற்கு முன்னாலேயே போய், சின்ன வயதுக் கட்டணத்தையே கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். ஒன்றேகால் வயதுகூட ஆகாமல் போன பிள்ளையின் வயதில் எனக்கு டயர் வேண்டாம் என்று தோன்றியது.

பத்தாம் நாள் ஆலையிலிருந்து ஆள் வந்தது. எனக்குப் பதிலாக ஓட்டுபவர் நேரத்துக்கு வருகிறார், மேலாளருக்குப் பிடித்துவிட்டது, வரும் திங்கட்கிழமை என் வண்டி இன்சூரன்ஸ் தாளோடு வாசலுக்கு வரவில்லை என்றால் அவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் திங்கட்கிழமை, அட்டைத் தேதிக்கு நாலு நாள் முந்தியது. எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லை.

“அம்மா, நாளைக்கே போய்க் கட்டிரலாம். கூடுதலா ஆனா ஆகட்டும். அந்தத் தேதியே நமக்கு வேணாம்,” என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“முன்னாடி கட்டாத தம்பி. அன்னிக்கே போவோம்.”

“அன்னிக்குப் போனா ஆலை வேலை போயிரும்மா. அந்த ஆளு சொன்னதை நீயும்தானே கேட்ட.”

“கேட்டேன்.”

“அப்புறம்?”

“அவனுக்கு இருபத்தஞ்சு முடியட்டும்.”

எனக்கு மறுபடியும் சுருக்கென்று வந்துவிட்டது. “செத்துப்போன பிள்ளைக்கு எப்படிம்மா வயசு முடியும்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

“செத்துப்போனான்னு எங்க எழுதியிருக்கு?” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு, மெதுவாக, அவளாகவே பேசினாள். அவன் போன தேதியை அவள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொள்ளப் பயம். பிறந்த தேதியை நினைவில் வைத்திருந்தாள், ஆனால் டிசம்பரில் அந்த நாள் வரும்போதெல்லாம் வேலை எதையாவது இழுத்துப் போட்டுக்கொண்டு அதைக் கடந்துவிடுவாள். வருடத்தை எண்ணியதில்லை. “நீ வந்து இருபத்தஞ்சுன்னு சொல்ற வரைக்கும் எனக்கு அவன் தவழ்ந்துக்கிட்டேதான் இருந்தான்,” என்றாள். “எனக்கு இப்படி ஒரு நாளு வரும்னு தெரியாது. ஒரே ஒரு நாளுதானே. உனக்குக் கஷ்டம்னா வேணாம்.”

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்தது. அண்ணனுக்காக என்று சொன்னால் பொய். அவனை எனக்குத் தெரியாது, பத்து நாளாகத்தான் அவன் எனக்கு அண்ணன். அம்மாவுக்காக வந்தது. ஒரு பிள்ளையைப் பற்றி வாய்திறந்து ஒரு வார்த்தை பேச முடியாமல், அவன் பெயரையே தினமும் இன்னொரு பிள்ளையின் பள்ளிக்கூடத் தாளில் பார்த்துக்கொண்டு, இவள் எப்படித்தான் இருந்தாளோ. உள்ளே வந்து, சரிம்மா, அன்றைக்கே போகலாம் என்றேன். ஆலை வேலையைப் பற்றி இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசவில்லை.

திங்கட்கிழமை வந்தது, போனது. அந்த இன்னொரு பிக்கப் காலையில் எங்கள் வீட்டைத் தாண்டி லைங் தாயாவுக்குப் போகிற சத்தம் கேட்டது. அந்த ஓட்டம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. பிற்பாடு நாலைந்து மாதம் கல்யாண வீட்டுப் பாத்திரம், கடைக்காரர்களின் மூட்டை என்று கிடைத்ததை ஏற்றி அலைந்தேன். கட்டணத்தில் மிச்சமானது அந்த அலைச்சலில் எப்போதோ கரைந்துவிட்டது. டயரும் மாற்றவில்லை.

அந்த நாள் வந்தது. அம்மா காலையிலேயே குளித்து, நல்ல நாளுக்கு உடுத்துகிற புடவையை உடுத்திக்கொண்டு தயாராக இருந்தாள். வண்டியை எடுக்கக் கூடாது என்பதால் பஸ்ஸில் போனோம். மூட்டுவலியோடு ஏறவும் இறங்கவும் சிரமப்பட்டாள். அலுவலகத்தில் கூட்டம். அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன். அதே சயாமாதான் இருந்தார். என் அட்டையையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சொன்ன மாதிரியே வந்துட்டியே. இன்னிக்குத்தான் உனக்குப் பிறந்தநாள். நல்லா இரு,” என்று பர்மியில் வாழ்த்தினார்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றுவிட்டாள். கண்ணாடியை நோக்கிக் கைகூப்பி, “சேஸூ தின்பாடே,” என்று நன்றி சொன்னாள். அலுவலகம் என்றால் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள். அவளுடைய பர்மி மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான்.

சயாமாவுக்கு அது பிடித்துவிட்டது. தாளை நிரப்பிக்கொண்டே, “பகல்ல பிறந்தானா, ராத்திரியா?” என்று கேட்டார்.

“விடியக்காலை,” என்றாள் அம்மா. அதோடு நிற்கவில்லை. தெரிந்த பர்மியை வைத்துக்கொண்டு, சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டி, சொல்லிக்கொண்டே போனாள். ரொம்பச் சின்னதாக இருந்தான். நர்ஸ் தூக்கிக் காட்டியபோது அழவில்லை, தட்டிய பிறகுதான் அழுதான். தலை நிறைய முடி. இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும். பத்தாம் மாதமே கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவளைத் தடுக்கவில்லை. இருபத்து மூன்று வருடத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாததை, யார் என்றே தெரியாத ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

சயாமா தேதியை எழுதி, முத்திரையைக் குத்தி, தாளை அம்மா பக்கம் தள்ளினார். கையெழுத்து போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவ்வளவு சின்னதா இருந்தவனா இவன்? நல்லா வளர்ந்துட்டானே,” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. தாளில் இருந்த அந்தப் பெயரையும் அதன் கீழே எழுதியிருந்த வயதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா சயாமா,” என்றாள். “வளர்ந்துட்டான்.”